கோல்ஃப் மைதானத்தில் ஒரு மணல் விளிம்பு

1

"புல்லு வெட்டவோ மச்சான் கடல் கடந்து போனனீர்?"

போன மாதம் ஊரிலிருந்து வந்த கடிதத்தின் முதல் வரி இது. எழுதியவர் மனைவியின் தமையன், தபாற்கந்தோரில் வேலை செய்பவர். கேலி கலக்காமல் அவருக்கு எழுத வராது. அடுத்த வரி: "இஞ்சை அந்த வேலையை மாடுகள் பாக்குது. அங்கை மாடு இல்லையோ?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் சுகந்திக்குத் தமிழ் எழுத்து மறந்துகொண்டு வருகிறது; அவளுக்கும் வாசித்துக் காட்டினாள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. புல்லு வெட்டுகிறேன் என்பது உண்மை. அந்தப் புல்லுக்குக் கீழே இருப்பதை ஒரு வரியில் எப்படி எழுதுவது?

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். கடிதத்தில் மட்டும் எப்படியோ நீளமாகக் கதைத்துவிடுகிறேன். ஊரில் இதே கேள்வியை மனதில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

2

வெள்ளைக்காரருக்கு மட்டும் என்றிருந்த குடிவரவுச் சட்டத்தை இந்த நாட்டில் எடுத்துவிட்ட பிறகு, மனைவிக்கு மெல்பேண் ஆஸ்பத்திரி ஒன்றில் நேர்ஸ் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நானும் சுகந்தியும் வந்தோம். குடிவரவுக் கந்தோரில் படிவத்தில் ஸ்ரீலங்கா என்று எழுதிக் கொடுத்தபோது, அந்த மனிதர் தன் பட்டியலை மேலும் கீழும் தடவிவிட்டு, "உங்கள் நாடு இதில் இல்லையே" என்றார். "சிலோன் எண்டு பாருங்கோ, அது பழைய பேர்" என்றாள் மனைவி. இருந்தது.

மூத்தவன் யோகன் ஊரில் நின்றுவிட்டான். உயர்தரப் பரீட்சை எழுதினான். நல்ல புள்ளிகள், ஆனால் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்டதால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவனை இங்கே எடுக்க விண்ணப்பித்தோம். மனைவியின் வேலை ஒப்பந்த வேலை என்பதால், என் வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். வருஷம் முடிவதற்குள் அது போகவேண்டும். அதற்குப் பிறகு அவன் வயது கடந்துவிடும். பிள்ளை என்ற பெயரில் அவனை அழைக்க முடியாது.

என் வேலை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள கோல்ஃப் கிளப்பில். சிறிய வெள்ளைப் பந்தொன்றைத் தடியால் அடித்து அடித்து, எங்கேயோ தூரத்தில் புல்லுக்குள் இருக்கும் ஒரு குழியில் விழுத்துவதுதான் அந்த விளையாட்டு. இப்படிப் பதினெட்டுக் குழிகள். வழியில் மணல் நிரம்பிய பள்ளங்கள் வரும். பந்து அதற்குள் விழுந்தால் எடுத்து அடிப்பது பெரும் கஷ்டம். இங்கே பங்கர் என்கிறார்கள். நான் மணல்பள்ளம் என்றே எழுதுகிறேன்.

மைதானத்துக்குப் பொறுப்பானவர் பேர்ட். அறுபத்து நாலு வயது. முதல் நாள் அவரை நான் "சேர்" என்றேன்.

"நான் சேர் இல்லை. சேர் எல்லாரும் உள்ளே இருந்து பியர் குடிக்கிறாங்கள். நான் பேர்ட்" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

என்னைவிடப் பதினெட்டு வயது மூத்த மனிதரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? ஒரு கிழமை யோசித்து "மிஸ்டர் பேர்ட்" என்று தொடங்கினேன். "பள்ளிக்கூட வாத்தி மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாலும் விட்டுவிட்டார். இராசரத்தினம் என்ற என் பெயர் அவர் வாயில் "ரொஸ்" ஆகிவிட்டது.

3

வைகாசியில் பேர்ட் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ஒரு கிழமையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஏழாவது குழி இருக்கும் புல்தரைக்குப் பத்துப் பன்னிரண்டு காலடி முன்னால் பெரிய மணல்பள்ளம் ஒன்று இருந்தது. அதன் மேல் விளிம்பு எனக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. ஓரிடத்தில் புல் நாக்கு நீட்டும், இன்னோரிடத்தில் மணல் உள்ளே குடைந்திருக்கும், வேர்கள் தாடி போலத் தொங்கும். ஒரு மாட்டுக்கூட்டம் மிதித்துவிட்டுப் போனது போல. எங்கள் வடமராட்சியில் புகையிலைத் தோட்டம் செய்தவனுக்கு இது பொறுக்குமா? எங்கள் தோட்டங்களில் வரம்பு கயிறு பிடித்தது போல நேராக இருக்கும். வளைந்தால் ஒழுங்கையால் போகிறவன் நின்று, "என்ன, வரம்பு வைக்கேக்கை கள்ளுக் குடிச்சனீரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். சுகமில்லாத மனிதர் திரும்பி வரும்போது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். முளை அடித்தேன். கயிறு கட்டினேன். காலையில் தொடங்கி மத்தியானத்துக்கிடையில் நாக்குகளையும் தாடிகளையும் மண்வெட்டியால் வெட்டி, விளிம்பை ஒரு முழம் இறக்கி, நேராக்கிவிட்டேன். வெட்டிய புல்பாளங்களை உரக்குவியலில் கொட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தேன். என் அப்பா பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார்.

பேர்ட் வந்தார். மெதுவாக நடந்து ஏழாவதுக்குப் போனார். நான் பின்னால் போனேன். 

"கயிறு பிடிச்சியா?"

"ஓம், மிஸ்டர் பேர்ட்."

"நல்ல நேராத்தான் இருக்கு" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை கருவிக் கொட்டகையில் ஒரு படம் காட்டினார். பழுப்பேறிய படம். இரண்டு குதிரைகள் இரும்புச் சட்டி ஒன்றால் மணலை அள்ளி இழுக்கின்றன. பக்கத்தில் நிற்பது பேர்ட்டின் அப்பா. அவருக்குப் பின்னால், அதே ஏழாவது விளிம்பு, புதிதாக. அப்போதே நாக்கும் தாடியுமாக! வேண்டுமென்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

"செய்யச் சொன்னது ஆர்?" என்று கேட்டேன்.

"ஒரு டொக்டர்" என்றார் பேர்ட். அலுமாரியிலிருந்து அவருடைய அப்பா எழுதிய கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். "உன் மகளை வாசிக்கச் சொல்லு. பிறகு கொண்டு வா."

4

குசினிக் கதிரையில் கால் மடித்து இருந்து சுகந்தி வாசித்தாள். "அப்பா, இற்ஸ் ஒன்லி கிராஸ்", வெறும் புல்லுத்தானே என்று தொடங்கியவள், இரண்டு பக்கத்துக்குப் பிறகு நான் கேட்காமலே வாசித்துக்கொண்டு போனாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் அரை வரி. இடையில் சொல் வராமல் கையால் காட்டுவாள்.

முதல் கோல்ஃப் மைதானங்களை ஒருவரும் செய்யவில்லையாம்! ஸ்கொட்லாந்தில் கடலுக்கும் வயலுக்கும் இடையே உழ முடியாத மணல் நிலம் கிடந்தது. முயல்கள் புல்லைக் கடித்துக் கடித்துக் கம்பளம் போலாக்கின. குளிர்காற்றுக்கு ஒதுங்கிய செம்மறிகள் மேட்டின் மறைவில் ஒட்டிக் கிடந்து கிடந்து தரையைத் தேய்த்தன. தேய்ந்த இடத்தைக் காற்று குடைந்தது. அதுதான் மணல்பள்ளம். மனிதர்கள் தடியோடு வந்தபோது எல்லாம் ஏற்கெனவே இருந்தது. குழி மட்டும்தான் அவர்கள் தோண்டினார்கள்.

"சோ, த ஷீப் டிட் இற்", எல்லாம் செம்மறி செய்த வேலை என்றாள் சுகந்தி, கண்கள் விரிய.

பிறகு ஆசை பெருகியது. கடல் இல்லாத ஊர்களும் மைதானம் கேட்டன. பேர் பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் ரயிலில் வருவார். வயலைச் சுற்றி நடந்து, இங்கே தொடங்கு, அங்கே முடி என்று முளைகளை அடிப்பார். சாப்பிட்டுவிட்டுப் பின்னேர ரயிலில் போய்விடுவார். களிமண்ணில் நேர்நேராகக் கிடங்கு வெட்டினார்கள். குதிரைப் பந்தயத் தடைகள் போல ஒரே அளவு, ஒரே உயரம், கத்தியால் வெட்டிய விளிம்பு.

அந்த இடத்தில் எனக்கு முகம் சுட்டது. கயிறு பிடித்தவன் நான் மட்டும் இல்லை. ஒரு காலம் முழுவதும் கயிறு பிடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு சிலருக்கு, இது பிழை, செம்மறியிடம் போய்ப் படிக்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. பேர்ட் சொன்ன டொக்டர் அவர்களில் ஒருவர். தென்னாபிரிக்கச் சண்டைக்கு வைத்தியராகப் போனவர். அங்கே எதிர்ப்பக்கத்துக் கமக்காரர்கள், வெறும் விவசாயிகள், பதுங்குகுழி வெட்டிய இடம் தெரியாமல் மறைத்துக்கொண்டு, பெரிய படையையே தடுத்து நிறுத்தியதைப் பார்த்திருக்கிறார். மண்ணை வெட்டினால் வெட்டியது தெரியக்கூடாது. ஆள் கண்ணால் காண்பதும் உண்மையில் இருப்பதும் வேறாக இருக்கவேண்டும். அங்கே உயிர் தப்ப உதவிய வித்தையை இவர் விளையாட்டுக்குக் கொண்டுவந்தார். வைத்தியத்தை விட்டார். கப்பலேறி இந்தப் பக்கமும் வந்தார். எங்கள் சின்னக் கிளப்பில் ஒரே ஒரு நாள் நின்றாராம். காகிதத்தில் கீறிக் கொடுத்தார். முடிந்த வேலையைப் பார்க்க அவர் திரும்பி வரவே இல்லை.

"திரும்பிப் பாக்காமலே எப்பிடி அப்பா?" என்று சுகந்தி தமிழில் கேட்டாள். 

5

அடுத்த கிழமை, கிளப்பை நடத்துகிற கப்டன் என்னைக் கூப்பிட்டார். அவர் ஒரு பல்வைத்தியர். எதையும் ஒழுங்காகப் பார்க்க விரும்புகிறவர்.

"ரொஸ், ஏழாவது உன் வேலையா? அருமை! இத்தனை வருஷமாக அந்தப் பரட்டைத் தலைகளை வெட்டு வெட்டு என்று பேர்ட்டுக்குச் சொல்லிக் களைத்துவிட்டேன். மிச்சம் எல்லாவற்றையும் இப்படியே செய். அடுத்தது பன்னிரண்டாவது."

வேலை நிரந்தரம் என்ற என் கடிதம் கையெழுத்தில்லாமல் அவருடைய மேசையில்தான் கிடந்தது. அதைத் தட்டிக் காட்டினார். "இப்படி வேலை செய்கிற ஆளை நிரந்தரமாக்க எனக்குத் தயக்கம் இல்லை. பன்னிரண்டாவதை முடித்துவிட்டு வா, கையெழுத்து வைக்கிறேன்."

விடிந்ததும் முளையும் கயிறுமாகப் பன்னிரண்டாவதுக்குப் போனேன். மகனுக்காக எதையும் வெட்டலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். முழங்காலில் இருந்து முதல் முளையை ஊன்றும்போது பார்த்தேன்: புல் நாக்கின் கீழே புதிதாக ஒரு குடைவு. ஈர மணல் வெளியே சிதறிக் கிடந்தது. முயல். ஸ்கொட்லாந்தில் யாரோ ஒரு முயல் தொடங்கிய வேலையை இந்த முயல் இன்னும் செய்துகொண்டிருக்கிறது. இரவு அடித்த காற்று அதன் மேல் மணலை மெல்லிய கோடுகளாக அடுக்கியிருந்தது. டொக்டர் ஒரு நாள் நின்று போயிருக்கிறார். பேர்ட்டின் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். முயலும் காற்றும் மணலும் சம்பளமில்லாமல், சொல்லுவாரில்லாமல், அதே படத்தை வரைந்துகொண்டே இருக்கின்றன. அவர் ஏன் திரும்பி வரவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. வரத் தேவையில்லை.

கோயிலில்கூட அப்படி எனக்கு மயிர் சிலிர்த்ததில்லை. முளையைப் பிடுங்கிக்கொண்டு கப்டனிடம் போனேன். 

"என்னால் முடியாது, சேர். ஏழாவதும் பிழை. நான் பிழை."

அவர் என்னைப் பல்லுக் கொதியோடு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அப்படியானால் கடிதம் இருக்கட்டும்" என்றார்.

பேர்ட்டுக்குச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் கொட்டகையே அதிரக் கத்தினார்.

"உனக்கு மூளை இருக்கா? அது மணல்! உன் பெடியன் மணலா? போய் வெட்டு. நீ வெட்டாவிட்டால் நான் வெட்டுறன். எங்கே அந்தக் கயிறு?"

"தரமாட்டன், மிஸ்டர் பேர்ட்."

அவரோடு நான் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அது. கயிற்றை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன், பிள்ளை மாதிரி. இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம்.

வீட்டில் மனைவி அழவில்லை. "அப்ப யோகனுக்கு என்ன எழுதிறது? மணலுக்குப் பாவம் பாத்திட்டன் எண்டோ?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

6

சனிக்கிழமை கிளப்பில் போட்டி. ஏழாவதில் மிதிபட்ட மணலை வாரிச் சமப்படுத்துவதற்காக நான் மரங்களுக்கு ஒதுங்கி நின்றேன். கப்டன் அடித்தார். பந்து பள்ளத்தைத் தாண்டி, புல்தரையைத் தாண்டி, பின்னால் இருந்த பற்றைக்குள் போனது. "காற்று" என்றார். அடுத்த சனி மறுபடியும் பற்றை. அதற்கடுத்த சனியும். அவரோடு வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார்கள்.

நாலாவது சனி அவர் நேரே என்னிடம் வந்தார்.

"புல்தரையைக் கிட்டக் கொண்டு வந்தாயா?"

"இல்லை, சேர்."

"குழியை மாற்றினாயா?"

"இல்லை, சேர். விளிம்பு மட்டும்தான்."

எனக்குப் பக்கத்தில் நின்ற பேர்ட்டுக்கு முகம் மலர்ந்தது. அவர்தான் விளங்கப்படுத்தினார். முந்தி அந்த உயர்ந்த பரட்டை விளிம்பு, தனக்கும் புல்தரைக்கும் இடையில் இருந்த பத்துப் பன்னிரண்டு காலடி நிலத்தை மறைத்திருந்தது. பள்ளம் முடிந்த இடத்திலேயே புல்தரை தொடங்குவது போலத் தெரியும். குழி உண்மையில் இருப்பதைவிடக் கிட்ட இருப்பதாகக் கண் நம்பும். அதை நம்பி அடித்தவர்களுக்குப் பந்து கட்டையாகப் போகும். கப்டன் இருபது வருஷம் விளையாடி, கண் சொல்வதைவிடக் கொஞ்சம் பலமாக அடிக்கப் பழகிவிட்டார். இப்போது விளிம்பு தாழ்ந்து மறைவு போய்விட்டது. கண் உண்மையைச் சொல்கிறது. அவருடைய கைதான் இன்னும் அந்த டொக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரு முழப் புல்! எப்போதோ செத்துப்போன ஒரு மனிதர், தான் முகம் பார்த்தே இராத ஒரு பல்வைத்தியரின் கண்ணை ஒரு முழப் புல்லால் பிடித்து வைத்திருந்திருக்கிறார். கப்டனும் அதை நினைத்திருக்க வேண்டும். வாய் கொஞ்சம் திறந்தபடி, அந்த நேர்க் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழையபடி செய்ய முடியுமா?" என்றார்.

பேர்ட் என்னைப் பார்த்தார். "பாக்கிறன், சேர்" என்றேன். கடிதத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். என் வாய் அப்படி.

7

வெட்டுவதற்கு ஒரு காலை போதுமாயிருந்தது. வளர்ப்பதற்குக் குளிர்காலம் முழுவதும் பிடித்தது; இங்கே ஆனி, ஆடியில்தான் குளிர்.

உரக்குவியலைக் கிளறி உயிர் இருந்த புல்பாளங்களைப் பொறுக்கினேன். படத்தைப் பார்த்து அடுக்கினேன். அடுக்கி வைத்தது அடுக்கி வைத்தது போலவே இருந்தது. பிடுங்கினேன். மறுபடி அடுக்கினேன். பேர்ட் தலையை ஆட்டிவிட்டுப் போவார். மூன்றாம் தரம்தான் ஊரில் மணற்காட்டுப் பக்கம் கண்டது நினைவுக்கு வந்தது. அங்கே இராவணன் மீசைப் புல் ஒரு பிடி நிற்கும். காற்று கொண்டுவரும் மணல் அதன் காலடியில் தங்கும். மணல் ஏற ஏறப் புல்லும் ஏறும். மேட்டை ஒருவரும் கட்டுவதில்லை. புல் நிற்கிற இடத்தில் மேடு தானே வருகிறது.

விளிம்பு முழுவதையும் கட்டும் எண்ணத்தை விட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல் குடுமிகளை நட்டு, கொஞ்சம் மண் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். தெற்குக் காற்று மணலை ஏற்றியது. பள்ளத்துக்குள் விழுந்த பந்தை ஆட்கள் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு கைப்பிடி மணல் எழும்பி விளிம்பில் விழுந்தது. ஏசிக்கொண்டே அவர்கள் எனக்கு வேலை செய்தார்கள். நான் செய்ததெல்லாம், நேராக வளரப் பார்த்த இடங்களில் மண்வெட்டியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டியதுதான். மனைவிக்கு லீவு கிடைத்த ஒரு பகலில் அவளும் வந்து பார்த்தாள். "இதுக்கோ?" என்றாள். குனிந்து ஒரு புல் குடுமியைத் தொட்டுப் பார்த்தாள். "காத்து நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள்.

ஐப்பசியில் பேர்ட் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தை இரண்டு தரம் சுற்றினார். "எங்கே தொடங்கினாய்?" என்று கேட்டார். காட்டப் போனேன். எனக்கும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை கப்டன் ஏழாவதுக்கு வந்தார். இத்தனை மாதத்தில் கண்ணை நம்பி அடிக்கப் பழகியிருந்தார். ஒரு தடியை உருவினார். பார்த்தார். திரும்ப வைத்தார். இன்னொன்றை உருவினார். நெற்றியைத் துடைத்தார்.   ஒரு பெரிய மனிதர் புல்லைப் பார்த்துப் பயப்படுவதை அன்றுதான் கண்டேன்.

அடித்தார். பந்து அழகாக எழும்பி, விளிம்பின் ஒரு நாக்கில் பட்டு, பின்னால் உருண்டு, மணலுக்குள் சொத்தென்று விழுந்தது.

கப்டன் தடியைக் கீழே போட்டார். கடிதத்தில் எழுத முடியாத ஒரு சொல்லைச் சொன்னார். பிறகு என்னைத் தேடித் திரும்பினார்.

"ரொஸ்! நாசமாய்ப் போனவனே! திங்கட்கிழமை கந்தோருக்கு வா. கையெழுத்து வைத்துத் தருகிறேன், உன் கடிதத்தைக் கொண்டு போ."

கடிதம் போய்விட்டது. யோகன் தைக்குப் பிறகு வருவான் என்று குடிவரவுக் கந்தோரில் சொல்கிறார்கள். வந்த மறுநாள் அவனை ஏழாவதுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். செம்மறியைப் பற்றியும் டொக்டரைப் பற்றியும் ஒன்றும் சொல்லமாட்டேன். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திவைத்து, "அந்தக் குழி எவ்வளவு தூரம் எண்டு சொல்லு, பாப்பம்" என்று மட்டும் கேட்பேன். அவன் பிழையாகச் சொல்லுவான்.